கொல்லி செல்லும் இரண்டு கடைக்காரர்களும்

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. எழுதுபவன் பி.காம். மூன்றாம் ஆண்டு. "உனக்கும் செல்லுக்கும் உள்ள சம்பந்தம் செல்போன் ரீசார்ஜ் வரைக்கும்தானே" என்று வகுப்பில் கிண்டல் ஓடுகிறது. ஓடட்டும். கணக்கில் ஓட்டை இருந்தால், அது எந்தத் துறைக் கணக்காக இருந்தாலும், காமர்ஸ் படிக்கிறவன் மூக்கை நுழைப்பான். பதிவு கொஞ்சம் நீளம். டீயோடு வந்து உட்காருங்கள்.

இரண்டு கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதல் கடைக்காரர் சொல்வது இது. "உங்கள் ரத்தத்தில் என்.கே. செல் என்று ஒரு வீரன் இருக்கிறான். புற்றுநோயைக் கொல்வதுதான் அவன் வேலை. பாவம், தூங்கிக்கொண்டிருக்கிறான். எங்கள் மாத்திரை (அல்லது காளான் பொடி, அல்லது பல லட்சத்துக்கு ஒரு ஊசி) அவனைத் தட்டி எழுப்பும்."

இரண்டாம் கடைக்காரர் குழந்தைப்பேறு சிகிச்சை பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்வது: "உங்கள் ரத்தத்தில் என்.கே. செல் என்று ஒரு கொலைகாரன் இருக்கிறான். கரு தங்காமல் போவதற்கு அவன்தான் காரணம். எங்கள் ட்ரிப்ஸ் அவனைத் தூங்க வைக்கும்."

கவனித்தீர்களா? இருவரும் பேசுவது ஒரே செல்லைப் பற்றி. ஒருவர் எழுப்புவதற்குக் காசு வாங்குகிறார், ஒருவர் தூங்க வைப்பதற்குக் காசு வாங்குகிறார். "யாராவது ஒருவர் சொல்வது சரியாக இருக்குமே" என்று நினைக்கத் தோன்றும். இல்லை மக்களே. இரண்டும் ஒரே தப்பு. அந்தச் செல் தூங்கவும் இல்லை, வெறிபிடித்து அலையவும் இல்லை. வருகிற ஒவ்வொரு செல்லிடமும் நின்று வரவு, பற்று இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி வியாபாரம் செய்கிறவர் பொய்க்கணக்கு எழுதுகிறார். அதை எழுதுவது நோயாளிகளின் வீட்டுப் பணத்தில். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

பெயரில் ஆரம்பித்த வினை

1975-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்ஸெல் மூவரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மேன் குழுவும், தனித்தனியாக ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். எலியின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, அதுவரை பார்த்தே இராத புற்றுச் செல்லைக்கூட எடுத்த எடுப்பில் கொன்றது. மற்ற அணுக்களுக்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும், இதற்கு வேண்டாம். அதனால் 'இயற்கைக் கொல்லி' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலச் சுருக்கம் என்.கே.

பெயர் வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் இந்தப் பெயர்தான் இரண்டு கடைக்காரர்களுக்கும் முதலீடே. 'இயற்கை' என்ற பாதியை முதல்வர் எடுத்துக்கொண்டார். 'கொல்லி' என்ற பாதியை இரண்டாமவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த பெரிய கேள்வி: எதைப் பார்த்துக் கொல்கிறது? அதே கரோலின்ஸ்காவில் க்ளாஸ் கார்ரே கேள்வியைத் திருப்பிப் போட்டார். எதைப் பார்த்து என்று கேட்காதே, எதைப் பார்க்காததால் என்று கேள். நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் வெளியே ஒரு அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. எச்.எல்.ஏ. என்று அதற்குப் பெயர். வைரஸ் புகுந்த செல்லும் புற்றுச் செல்லும் மற்ற அணுக்களிடம் மாட்டாமல் இருக்க இந்த அட்டையை ஒளித்துவைப்பது உண்டு. அட்டை இல்லாதவனைப் பிடிப்பதுதான் என்.கே. செல்லின் வேலை என்றார். 1986-ல் அவர் குழு எலிகளில் இதைக் காட்டியது. பின்னர் 1990-களில், அட்டையைப் பார்த்ததும் "இவனை விடு" என்று சொல்லும் தடுப்பு ஏற்பிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. (ஏற்பி என்றால் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். எதிராளியைத் தொட்டுப் பார்க்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கதை இங்கேயே முடிந்திருந்தால் சுலபம். ஆனால் ஒரு சின்ன இடைஞ்சல். நம் சிவப்பணுக்களிடம் இந்த அட்டை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கோடிக்கணக்கில் என்.கே. செல்லுக்கு முன்னாலேயே நீந்திப் போகின்றன. ஒன்றையும் அது தொடுவதில்லை. அட்டை இல்லை என்பது மட்டும் போதாது. "இவனிடம் ஏதோ தப்பு இருக்கிறது" என்று சொல்லவும் யாராவது வேண்டும். அந்த 'யாராவது'தான் தூண்டும் ஏற்பிகள்.

வரவுப் பக்கம்

தூண்டும் ஏற்பி ஒன்று அல்ல, ஒரு கும்பல். முக்கியமானவர்களை மட்டும் சொல்கிறேன்.

சி.டி.16: எதிரியின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். வேறு யாரோ ஒட்டிவிட்டுப் போன 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸைப் படிக்கும் ஆள்.

என்.கே.பி.46, என்.கே.பி.44, என்.கே.பி.30: 1997 முதல் 1999 வரை வரிசையாக இத்தாலியின் மொரெட்டா சகோதரர்கள் குழு கண்டுபிடித்தது. இதில் வேடிக்கை, கை கிடைத்துவிட்டது, அது எதைப் பிடிக்கிறது என்பது கிடைக்க வருடக்கணக்கில் ஆனது. என்.கே.பி.30 பிடிக்கும் பி7-எச்6 என்ற புரதம் 2009-ல்தான் தெரிந்தது.

என்.கே.ஜி.2டி: இதுதான் கும்பலில் நட்சத்திரம். செல் நெருக்கடியில் இருக்கும்போது, உதாரணமாக அதன் டி.என்.ஏ. அடிபட்டால், மேல்தோலில் சில புரதங்களை நீட்டும். மிக்-ஏ, மிக்-பி, அப்புறம் யு.எல்.பி.பி. குடும்பத்தில் ஆறு. "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஊரைக் கூட்டுகிற மாதிரி. என்.கே.ஜி.2டி அதைத் தொட்டுப் பார்க்கிறது. மிக்-ஏவைப் பிடிப்பது இதுதான் என்று 1999-ல் தெரிந்தது.

டிநாம்-1, 2பி4 என்று இன்னும் சிலர் இருக்கிறார்கள். பட்டியல் போதும்.

காமர்ஸ்காரன் கண்ணுக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? என்.கே.ஜி.2டி போன்ற ஏற்பிகளுக்கு உள்ளே பேச வாயே கிடையாது. வெளியே தொடும், அவ்வளவுதான். உள்ளே தகவல் சொல்ல டாப்10 போல ஒரு துணைப் புரதம் கூடவே நிற்க வேண்டும். அந்தத் துணைப் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறினால் "கொல்" என்ற செய்தி கிளம்பும். தடுப்பு ஏற்பி என்ன செய்கிறது? எஸ்.எச்.பி.-1 என்ற நொதியைக் கூப்பிட்டு, தூண்டும் பாதையில் ஏறிய பாஸ்பேட்டை அந்த இடத்திலேயே கழற்றிவிடுகிறது. ஒருவர் ஏற்றுகிறார், இன்னொருவர் இறக்குகிறார். வரவு பற்று என்று நான் சொன்னது உவமைக்காக மட்டும் இல்லை. செல்லுக்குள் நிஜமாகவே ஒரு பேரேடு ஓடுகிறது, கரன்சி பாஸ்பேட் :-)

இரண்டு கையெழுத்து இல்லாமல் செக் பாஸ் ஆகாது

இனிமேல்தான் முதல் கடைக்காரருக்கு வயிற்றைக் கலக்கும் பகுதி.

2006-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் யெனான் பிரைசன், எரிக் லாங் குழு ஒரு நேரடியான சோதனை செய்தது. ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்திலிருந்து, ஊக்கம் எதுவும் கொடுக்காத, ஓய்வில் இருக்கும் என்.கே. செல்களை எடுத்தார்கள். ஏற்பிகளை ஒவ்வொன்றாகத் தனியாகத் தட்டிப் பார்த்தார்கள். சி.டி.16 மட்டும் தனி ஆளாகச் செல்லைக் கிளப்பியது. என்.கே.பி.46? தனியாகப் பிரயோஜனமில்லை. நம் நட்சத்திரம் என்.கே.ஜி.2டி? தனியாகப் பிரயோஜனமில்லை. டிநாம்-1, 2பி4? அதே கதை. ஆனால் குறிப்பிட்ட சில ஜோடிகளாகத் தட்டியபோது செல் வேலையை ஆரம்பித்தது.

ஜாயின்ட் அக்கவுண்ட் மாதிரி. ஒரு கையெழுத்தோடு வந்த செக்கை கவுண்டரில் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஏன் இப்படி? யோசித்துப் பாருங்கள், பக்கத்துச் செல்லை ஒரே நொடியில் ஓட்டை போடக்கூடிய சாமான்களை வயிற்றில் கட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிற செல் இது. அதை ஒரு பொத்தானில் இயங்க விட்டால் உடம்பு தாங்குமா? வெயிலில் நின்றாலே தோல் செல்களின் டி.என்.ஏ. அடிபடுகிறது.

ஒரே ஒரு பக்கம் வழிதவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சீலியாக் என்ற நோயில், கோதுமைப் புரதம் பட்டதும் குடலின் மேல்தோலில் மிக்-ஏ கூடுகிறது. ஐ.எல்-15 என்ற ஊக்கி அங்கே பெருகுகிறது. குடலில் இருக்கும் டி-செல்கள் அதே என்.கே.ஜி.2டி கையை வைத்துத் தங்கள் சொந்தக் குடலையே அரிக்கின்றன. 2004-ல் இது வெளியானது. 'தூண்டுதல்' என்றால் நல்லது என்று நினைக்கிறவர்கள் சீலியாக் நோயாளி ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, "அப்படியென்றால் பலமாகத் தட்டு, விடாமல் தட்டு" என்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. புற்றுநோயே அதைத்தான் செய்கிறது! பல கட்டிகள் மிக்-ஏவை மேல்தோலிலிருந்து வெட்டி ரத்தத்தில் விடுகின்றன. 2002-ல் வந்த ஆய்வு, இப்படி மிதக்கும் மிக்-ஏ அணுக்களின் மேல் உள்ள என்.கே.ஜி.2டியைக் குறைத்துவிடுகிறது என்று காட்டியது. இந்த வகைப் புரதத்தை உடம்பெங்கும் எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும்படி மாற்றிய எலிகளிலும், அந்த ஏற்பி வழியே வரும் பதில் மங்கிப்போனது. நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும் காலிங் பெல்லுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

இன்னொன்று. தடுப்பு ஏற்பியே இல்லாத என்.கே. செல்களும் சிலரிடம் உண்டு. பிரேக் இல்லாத வண்டி, தறிகெட்டு ஓடும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. தன் உடம்பின் அட்டையைப் படிக்கும் தடுப்பு ஏற்பி இல்லாதவை மந்தமாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவைதான் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. 2005, 2006-ல் எலியிலும் மனிதனிலும் இது தெரிந்தது. பிரேக் போடத் தெரிந்தவனுக்குத்தான் லைசென்ஸ். ஆய்வாளர்களே இதற்கு லைசென்ஸ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் கடை: "எழுப்பித் தருகிறோம்"

இப்போது அந்த விளம்பரத்தைத் திரும்பப் படியுங்கள். "என்.கே. செல்லைத் தூண்டும்." எந்த ஏற்பியை ஐயா? எந்த ஜோடியை? எத்தனை நேரம்? எந்த நோயாளிக்கு? விழுங்கிய பொடி எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது?

"இதோ ரத்தப் பரிசோதனை, முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று தாள் நீட்டுவார்கள். இதில் ஒரு எளிய தந்திரம் உண்டு. உடற்பயிற்சி செய்தால் அட்ரினலின் ஏறி, சில நிமிடங்களில் ரத்தத்தில் என்.கே. செல்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய அளவுக்கும் கீழே போகும். செல் புதிதாகப் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். மூன்று மாடி ஏறி வந்து ரத்தம் கொடுத்தாலே எண் மாறக்கூடிய ஒரு பரிசோதனையை வைத்து மாத்திரை விற்பது, மார்ச் 31 அன்று மட்டும் கல்லாவில் காசு நிரப்பி பேலன்ஸ் ஷீட் காட்டுகிற வேலை. நாங்கள் இதற்கு ஜன்னல் அலங்காரம் என்று பெயர் வைத்துப் பாடமாகவே படிக்கிறோம்.

நிஜமான 'பூஸ்டர்' எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? 1985-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் நோயாளிகளின் வெள்ளை அணுக்களை ஐ.எல்-2 என்ற ஊக்கியில் ஊறவைத்து, பெரிய அளவு ஐ.எல்-2 உடன் திரும்ப ஏற்றினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, உண்மை. கூடவே ரத்தக் குழாய்கள் கசிந்தன, ரத்த அழுத்தம் சரிந்தது, நுரையீரலில் நீர் கோத்தது. ஐ.எல்-2 மட்டும் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-ல் அங்கீகாரம் பெற்றது. ஊறவைத்த அணுக்களைச் சேர்ப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று பிறகு ஒப்பிட்டபோது தெளிவான வித்தியாசம் வரவில்லை. நிஜமாகவே பலமாகத் தூண்டும் மருந்து தீவிர சிகிச்சை வசதிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது. "பக்கவிளைவே இல்லாமல் தூண்டும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஒன்று புரிந்துகொள்ளுங்கள், அது எதையும் தூண்டவில்லை.

பொடி வாங்கினால் போவது ஆயிரம் ரூபாய், விடு என்பீர்கள். எல்லாக் கடையும் பொடிக் கடை இல்லை.

சீனாவில் வெய் ஜெஷி என்று ஒரு கல்லூரி மாணவர். ஷிடியன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல். நம் வயசு. சைனோவியல் சார்கோமா என்ற அரிதான புற்றுநோய். பைடு தேடுதளத்தில் தேடியபோது மேலே வந்த பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் சி.ஐ.கே. செல் சிகிச்சைக்குப் போனார். சி.ஐ.கே. என்பது நோயாளியின் அணுக்களை வெளியே வளர்த்து ஊக்கிகளால் உசுப்பி, என்.கே. குணம் வரவைத்துத் திரும்ப ஏற்றுவது. அவை கொல்லப் பயன்படுத்தும் முக்கியக் கை எது தெரியுமா? நம் நட்சத்திரம் என்.கே.ஜி.2டிதான். ஆய்வகத் தட்டில் அது கொல்லும், அதில் பொய்யில்லை. ஆனால் அவருக்கு வந்த புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தேடலில் மேலே வந்த முடிவு காசு கொடுத்து வாங்கிய இடம். குடும்பம் இரண்டு லட்சம் யுவானுக்கு மேல் செலவழித்தது. தனக்கு நடந்ததை அவரே இணையத்தில் எழுதினார். 2016 ஏப்ரல் 12 அன்று, 21 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அரசு விசாரித்தது. தேடுதளத்தின் விளம்பர முறையை மாற்றச் சொன்னது. இந்த வகைச் சிகிச்சையை ஆராய்ச்சி தாண்டி விற்கக்கூடாது என்றது.

அறிவியல் பாதியைக் காட்டி மீதியை மறைத்தால் இதுதான் நடக்கும். ஏற்பி உண்மை, செல் உண்மை, நுண்ணோக்கியில் எடுத்த படம்கூட உண்மை. பில் மட்டும்தான் மோசடி.

இரண்டாம் கடை: "தூங்க வைக்கிறோம்"

இது எனக்கு இன்னும் கோபம் வரவழைக்கிற கடை. ஏனென்றால் இங்கே பயத்தை விற்கிறார்கள், அதுவும் கருக்கலைந்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம்.

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், என்.கே. செல்கள்தான். 'கொலைகாரன்' என்று பெயர் வைத்துவிட்டு இந்தத் தகவலைச் சொன்னால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது? ஆனால் இவை ரத்தத்தில் சுற்றும் என்.கே. செல்கள் இல்லை. ரத்தத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை சி.டி.16 வைத்திருப்பவை. கருப்பைக்காரர்களிடம் அது கிடையாது. அவர்கள் வேலையே வேறு. நஞ்சுக்கொடி ஊடுருவி, தாயின் ரத்தக் குழாய்களை அகலமாக்கிக்கொள்ளத் துணை நிற்பது. ஆகவே கையிலிருந்து ரத்தம் எடுத்து "என்.கே. அதிகம்" என்று சொல்வது, மெயின் ரோட்டில் வாகனங்களை எண்ணிவிட்டு உங்கள் வீட்டு அடுப்படியில் நெரிசல் என்று சொல்வது மாதிரி.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட் குழு 2004-ல் காட்டிய ஒன்றைக் கேளுங்கள். தாயின் என்.கே. செல்களில் கே.ஐ.ஆர். என்றொரு ஏற்பிக் குடும்பம் உண்டு. அதில் தடுப்பவையும் உண்டு, தூண்டுபவையும் உண்டு. சில பெண்களுக்குத் தூண்டும் கே.ஐ.ஆர். ஏறக்குறைய இருப்பதில்லை. அவர்கள் வயிற்றில் வளரும் குழந்தைக்கு எச்.எல்.ஏ.-சி2 என்ற அட்டை இருந்தால், தாயின் செல்லுக்குத் தடுப்புச் செய்தி பலமாகப் போகிறது. இந்தச் சேர்க்கையில்தான் கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியா அதிகம் வந்தது. கே.ஐ.ஆர்.2டி.எஸ்.1 என்ற தூண்டும் ஏற்பி இருந்த தாய்மார்களுக்கு ஆபத்து குறைந்தது. அந்த ஏற்பி தூண்டப்பட்டால் செல் கொல்லவில்லை. நஞ்சுக்கொடிச் செல்கள் நகர்ந்து வர உதவும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது.

மறுபடி படியுங்கள். இங்கே பிரச்சினை தூண்டுதல் அதிகமானதால் இல்லை. அடக்குதல் அதிகமானதால். நம் கடைக்காரர் விற்பதோ இன்னும் அடக்கும் சரக்கு! ஸ்டீராய்டு, ஆன்டிபாடி ஊசி, சோயா எண்ணெய்க் குழம்பான இன்ட்ராலிபிட் ட்ரிப்ஸ். இது 'கருவைக் காக்கும்' என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஆணையம் போக்குவரத்து விளக்கு போல மதிப்பீடு போட்டபோது இந்த வகைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் சிவப்பு விளக்கே போட்டது. மோஃபெட் 2004-லிருந்தே திரும்பத் திரும்ப எச்சரித்து எழுதுகிறார். வியாபாரம் நிற்கவில்லை.

"நீ என்ன எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறாயா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இல்லை. என்.கே. ஏற்பிகளை வைத்து நிஜமான மருத்துவம் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் போலிக்கும் இதற்கும் வித்தியாசம் புரியும்.

1997-ல் அங்கீகாரம் பெற்ற ரிடுக்சிமாப், புற்றுச் செல்லின் மேல் நோட்டீஸ் ஒட்டும். அதைப் படித்துத் தாக்குகிறவர்களில் சி.டி.16 வைத்திருக்கும் என்.கே. செல்லும் ஒருவர். அந்த சி.டி.16 புரதத்தின் 158-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் மாறும். 2002-ல் ஃபிரான்ஸில் 49 நோயாளிகளில் பார்த்தபோது, பிடிப்பு பலமான வகையை இரண்டு பிரதியாக வைத்திருந்த எல்லோருக்கும் மருந்து வேலை செய்தது. மற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு. பின்னாளில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் எப்போதும் தெரியவில்லை, அதையும் எழுதி வைத்தார்கள்.

2002-ல் இத்தாலியின் பெருஜியா குழு, நோயாளியின் அட்டையைப் படிக்கத் தெரியாத என்.கே. செல்கள் உள்ள கொடையாளியிடமிருந்து மஜ்ஜை மாற்றினால் ஒருவகை ரத்தப் புற்றுநோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்றது. 2020-ல் டெக்ஸாஸில் கேட்டி ரெஸ்வானி குழு, தொப்புள்கொடி ரத்தத்தின் என்.கே. செல்லில் செயற்கை ஏற்பி பொருத்தி 11 பேருக்குக் கொடுத்தது. 8 பேருக்குப் பலன். ஒப்பீட்டுக் குழு இல்லை, சிலருக்குப் பிறகு வேறு சிகிச்சையும் தரப்பட்டது. இதையும் அவர்களே எழுதினார்கள். 2024 ஏப்ரலில் ஐ.எல்-15 வழியில் தூண்டும் ஒரு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. எதற்கு? பி.சி.ஜி. பலிக்காத ஒரு வகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, பி.சி.ஜி.யோடு சேர்த்து, சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்த. 'எல்லா நோய்க்கும்' இல்லை.

தோல்விக் கணக்கும் இருக்கிறது. தடுப்பு ஏற்பியை மறைக்கும் மோனலிசுமாப் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை பலன் இல்லை என்று 2022-ல் நிறுத்தப்பட்டது. நஷ்டத்தைப் பகிரங்கமாக எழுதினார்கள். நம் கடைக்காரர் எப்போதாவது ஒரு நஷ்டக் கணக்கு காட்டியிருக்கிறாரா?

"சாகக் கிடக்கிறவனுக்கு ஆதாரம் கேட்டுக்கொண்டு உட்கார முடியுமா?" என்பது அடுத்த வாதம். நியாயமான தவிப்பு. ஆனால் அந்தத் தவிப்பு நோயாளிக்கு உரியது, விற்கிறவருக்கு உரியது இல்லை. நிஜமாகவே சோதனைக் கட்டத்தில் உள்ள சிகிச்சை என்றால் பதிவு செய்த சோதனையாக நடத்தட்டும், முடிவை வெளியிடட்டும். சோதனை எலியாக இருப்பதற்கு எலியிடமே ஏன் ஃபீஸ் வாங்குகிறீர்கள்?

கடைசியாக ஒரு சட்டக் குறிப்பு. நம் நாட்டில் 1954-ல் வந்த மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது, பெண்களின் மலட்டுத்தன்மையும் இருக்கிறது. "இதைக் குணப்படுத்தும்" என்று விளம்பரம் போட முடியாது. 'எதிர்ப்பு சக்தி' என்ற வார்த்தை அந்தப் பட்டியலில் இல்லை. விளம்பரங்கள் ஏன் "புற்றுநோய் குணமாகும்" என்று சொல்லாமல் "என்.கே. செல்லைத் தூண்டும்" என்று மட்டும் சொல்கின்றன என்று இப்போது புரிகிறதா? மீதியை நம் பயம் நிரப்பிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மக்களே, வீட்டில் யாராவது இப்படி ஒரு தாளோடு வந்தால், செக் எழுதுவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. எந்த ஏற்பி? தூண்டுகிறீர்களா, தடுக்கிறீர்களா?
2. எந்த நோய், எந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு?
3. இது கொடுக்காத ஆட்களோடு ஒப்பிட்டீர்களா?
4. எதை அளந்தீர்கள்: ரத்தத்தில் செல் எண்ணிக்கையையா, நோயாளி வாழ்ந்த காலத்தையா? கரு விஷயமென்றால், பிறந்த குழந்தைகளையா?
5. பலிக்காமல் போனவர்கள் எத்தனை பேர்?

ஒழுங்கான மருத்துவர் கோபப்பட மாட்டார். ஐந்துக்கும் உட்கார வைத்துப் பதில் சொல்வார், அல்லது "இன்னும் தெரியாது" என்பார். கோபம் வந்தால் நீங்கள் நிற்பது கடையில் என்று அர்த்தம்.

பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. உயிரியல் படிக்கும் நண்பர்கள் ஏற்பிகளைப் பற்றித் தாராளமாகக் கும்மலாம். இந்த ஐந்து கேள்வியையும் யாராவது எங்கேயாவது கேட்டுப் பார்த்தால், வந்த பதிலைப் போடுங்கள். பதில் வராவிட்டாலும் போடுங்கள்.